வல்லக்குளத்து மயில்

பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பூமிக்கு அடியில் ஒரு மயிலைப் பெற்றெடுத்த கதையைச் சொல்கிறேன், கண்ணுகளே. கணக்கு வருமோ என்று பயப்பட வேண்டாம். வராது. அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கே கணக்கு மறந்துபோய்ப் பல காலம் ஆகியிருந்தது.

புதுக்கோட்டைக்குத் தெற்கே வல்லக்குளம் என்று ஓர் ஊர். மேலே கருவேலங்காடு, கீழே ஒரு துகள் முடுக்கி. அணுவுக்கு உள்ளே இருக்கிற புரோட்டான் என்கிற பொடிசுகளை முதலில் ஒரு சின்ன வளையத்தில் ஓடவிட்டு வேகம் ஏற்றுவார்கள். பிறகு பெரிய வளையத்துக்குத் தள்ளி, எதிரெதிராக ஓடவிட்டு, ஒன்றோடொன்று மோத வைப்பார்கள். சிதறுகிற பொறியில் இதுவரை யாரும் பார்க்காத துகள் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். ஊர்க்காரர்கள் அதை வளையம் என்றார்கள்.

கட்ட ஆரம்பித்தபோது தொலைக்காட்சிகளுக்குக் கொண்டாட்டம். வளையம் ஓடத் தொடங்கினால் கருந்துளை ஒன்று உண்டாகி மாவட்டத்தையே விழுங்கிவிடும் என்று ஒரு சோதிடரும், ஓய்வு பெற்ற ஒரு போலீஸ் அதிகாரியும், பாடகி ஒருத்தியும் சாயங்காலம் தவறாமல் உட்கார்ந்து பேசினார்கள். இயற்பியல் படித்தவர் ஒருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவரைப் பேச விடவில்லை. மாவட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்தச் சோதிடர்தான் இல்லை, சட்டமன்றத்துக்குப் போய்விட்டார்.

நிலம் கொடுத்த சனங்களைச் சமாதானப்படுத்தப் பெரிய மனிதர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சின்ன வளையத்திலிருந்து ஒரு குழாயைப் பிரித்து, கட்டடத்தின் பின்பக்கத்தில் ஒரு சிகிச்சை அறை கட்டிக் கொடுத்தார்கள். மூளைக்கு அடியிலும் கண்ணுக்குப் பின்னாலும், கத்தி நுழைய முடியாத இடத்தில் இருக்கிற கட்டியைப் புரோட்டான் கதிர் தேடிப் போய்ப் பொசுக்கும். பக்கத்துச் சதைக்கு அதிகம் சேதம் வராது. காலை வேளைகளில் கதிர் நோயாளிகளுக்கு, மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சிக்கு என்று ஏற்பாடு. விஞ்ஞானிகள் அந்த அறையைப் புறவாசல் என்பார்கள். என்னைக் கேட்டால், அத்தனை பெரிய கட்டடத்தில் உருப்படியாக நடந்தது அந்த ஒன்றுதான்.

அந்தப் புறவாசலுக்கு வந்துகொண்டிருந்தாள் மெகருன்னிசா. அறந்தாங்கிப் பக்கம். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிற தொழில். எந்தச் சாதி, எந்த மதத்துக் கல்யாணமானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பெண்ணுக்குக் கண்மை தீட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண்ணுக்கு இரண்டு மூக்கு தெரிந்திருக்கிறது. வலது கண்ணுக்குப் பின்னால் கட்டி. புறவாசல் டாக்டர் தில்லைநாயகி அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: வார நாட்களில் விடாமல் வரவேண்டும், முழுசாக முடித்தால் கண்ணும் தப்பும் உயிரும் தப்பும், நடுவில் விட்டால் கட்டி மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்துவிடும், அப்புறம் இரண்டுமே சந்தேகம். ஆகவே மெகருன்னிசா விடாமல் வந்தாள். முகத்துக்கு அளவெடுத்து வார்த்த வலை முகமூடியை மாட்டி, தலை அசையாமல் மேசையோடு பூட்டுவார்கள். கதிர் பாய்வது தெரியவே தெரியாது. முடிந்ததும் கேன்டீனில் உட்கார்ந்து ஒரு டீ.

அந்தக் கேன்டீனில்தான் அவளுக்கு அமலோற்பவம் பழக்கமானாள். வளையத்தின் விஞ்ஞானி. ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், புருவத்தைத் திருத்தியே பார்க்காதவள். முதல் நாளே மெகருன்னிசா அந்தப் புருவத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போக, இரண்டு பேரும் சிரித்துச் சிநேகமாகிவிட்டார்கள்.

உள்ளே உங்களுக்கு என்ன வேலை என்று மெகருன்னிசா ஒரு நாள் கேட்டாள்.

"தூக்கி எறியுற வேலை" என்றாள் அமலோற்பவம்.

"அதுக்கு எதுக்கு மேடம் அவ்வளவு படிப்பு? எங்க தெருவுல வண்டி வருதே, குப்பை எடுக்க."

அமலோற்பவம் கோபித்துக்கொள்ளவில்லை. விளக்கினாள். கண் மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கில் மோதல் நடக்கிறது. அத்தனையையும் சேர்த்து வைக்க உலகத்தில் இடம் இல்லை. அதனால் சல்லடை என்று ஓர் இயந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு மோதலையும் அது பார்த்த மாத்திரத்தில் இது வேண்டும், இது வேண்டாம் என்று முடிவு செய்யும். வேண்டாம் என்று எறிந்தது எறிந்ததுதான், திரும்பக் கிடைக்காது. அந்தச் சல்லடைக்குத்தான் அவள் பொறுப்பு.

"எது வேணும் எது வேணாம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க கத்துக் குடுக்கணும். எதைப் பாத்து நாங்க கொஞ்ச நேரம் நிக்கிறமோ, அந்த மாதிரி வந்தா எடுத்து வைக்கும்."

"அப்ப உங்க ஆசைதான் அதுக்கு அறிவு" என்றாள் மெகருன்னிசா. டீயை ஊதிக் குடித்தாள்.

மெகருன்னிசா வருவதற்கு வெகு முன்னாலேயே சினிமாக்காரர்கள் வந்திருந்தார்கள். கதாநாயகன் புயல்வேந்தன். அது அம்மா அப்பா வைத்த பேர் இல்லை. கதை இதுதான்: கதாநாயகன் வளையத்தின் சுரங்கத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான், புரோட்டானை முந்துகிறான், செத்துப்போன காதலி இருக்கிற இன்னோர் உலகத்துக்குக் கதவு திறக்கிறது, திறக்கும்போது அவனுக்குப் பின்னால் ஒளியில் ஒரு மயில்தோகை விரிகிறது. ஒரு திருப்புளியை மறந்து வைத்தால்கூடப் பெரிய விசாரணை வைக்கிற சுரங்கம் அது. அதற்குள் மோட்டார் சைக்கிளை விட்டார்கள். கதிரை நிறுத்திவிட்டு விட்டார்கள். இன்னும் ஒரு டேக், இன்னும் ஒரு டேக் என்று வாரம் ஓடியது.

படம் ஓடிய ஓட்டத்தில் வல்லக்குளத்துக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். செத்தவர்களின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றவர்களும் உண்டு. அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. துக்கம் எந்தக் கதவையும் தட்டும். கேலி செய்ய வேண்டியது உள்ளே இருந்தவரை. நிறுவனத் தலைவர் பத்மலோசனன். இளம் வயதில் வெளிநாட்டில் உருப்படியாக ஏதோ செய்தவர் என்று சொல்வார்கள். நம்பலாம், மாம்பழமும் ஒரு காலத்தில் அழுகாமல்தானே இருந்திருக்கும். கூட்டத்தைப் பார்த்த அன்றே மயில்நீலச் சட்டைக்கு மாறிவிட்டார். ஒரு செயலி கொண்டுவந்தார். நடக்கிற மோதல்களின் படம் உடனுக்குடன் உங்கள் போனுக்கு வரும். அழகாக இருக்கிறது என்று தோன்றினால் விரலை வைத்து அழுத்துங்கள், அதுதான் விஞ்ஞானத்தில் மக்கள் பங்கேற்பு என்றார். அந்த அழுத்தல்கள் நேராகச் சல்லடைக்குப் போகவேண்டும் என்பது உத்தரவு.

அமலோற்பவம் ஆட்சேபித்தாள். பேருக்கு ஒரு துளி சேர்த்தால் போதும், டெல்லிக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார் தலைவர். சரி, ஒரு துளிதானே என்று அவளும் இணைத்துக் கொடுத்துவிட்டாள். இங்கேதான் அறிவாளிகளுக்கே உரிய தப்பு நடந்தது, செல்லங்களே. சல்லடை முன்னால் உட்காருகிற விஞ்ஞானிகள் பத்துப் பன்னிரண்டு பேர். விரல் வைக்கிற சனங்களோ கோடிக்கணக்கில். ஒரு துளியைக் கோடியால் பெருக்கினால் என்ன ஆகும் என்று ஒருவரும் பெருக்கிப் பார்க்கவில்லை. சனங்கள் எதில் விரல் வைத்தார்கள் என்று நான் சொல்லவா வேண்டும். தோகை மாதிரி ஏதாவது விரிந்தால் போதும், விரல் போய் உட்கார்ந்துகொண்டது.

சில மாதங்களில் சல்லடை எடுத்து வைத்ததில் பாதி, தோகைபோல விரிந்த மோதல்கள். பத்மலோசனன் அதை உற்று உற்றுப் பார்த்தார். பிறகு பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். மயில் துகள் கண்டுபிடிக்கப்பட்டது.

அதற்கப்புறம் நடந்த கூத்தைச் சொன்னால் வாய் வலிக்கும். மயில் துகள் லட்டு வந்தது. மயில் துகள் பட்டுப்புடவை வந்தது. முந்தானையில் மோதல் படம். தங்கள் குலதெய்வத்தின் வாகனம்தான் அது என்று இரண்டு ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். புயல்வேந்தன் தனி விமானத்தில் வந்து, இது எனக்கு முன்பே தெரியும் என்று பேட்டி கொடுத்தார். அவருக்கு ஒரு பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. இளம் விஞ்ஞானிகள் ஒரே மாதத்தில் கட்டுரைகளாக எழுதிக் குவித்தார்கள். மயிலின் எடை என்ன, மயிலுக்கு ஜோடி உண்டா, மயில் ஏன் இத்தனை காலம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் சமன்பாடு இருந்தது.

மயில் நிறைய வேண்டும் என்றால் மோதல் நிறைய வேண்டும். மோதல் நிறைய வேண்டும் என்றால் சின்ன வளையம் பெரிய வளையத்துக்கே இடைவிடாமல் ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே புறவாசல் மூடப்பட்டது. தற்காலிகம் என்று கதவில் ஒட்டினார்கள். மெகருன்னிசாவுக்குச் சிகிச்சை பாதி முடிந்திருந்தது.

தில்லைநாயகி தலைவரிடம் போய்ச் சண்டை போட்டார். வேறு ஊர்களுக்கு எழுதினார். நாட்டில் இந்தக் கதிர் கிடைக்கிற இடங்களே கைவிரல் அளவுதான். அங்கெல்லாம் வரிசை அடுத்த வருஷம்வரை நீண்டது. மெகருன்னிசா மறுபடியும் இரண்டிரண்டாகப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் கணவன் ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் விடுவான். காவலாளி உள்ளே விடமாட்டான். அவள் மதில் ஓரமாகப் போய் நிற்பாள். அப்படி நின்றவளைத்தான் ஒரு நாள் அமலோற்பவம் பார்த்தாள்.

அதற்குள் அமலோற்பவத்துக்குச் சந்தேகம் வந்து, சந்தேகம் தீர்ந்தும் போயிருந்தது. ஒரு நாள் பகல் முழுக்கச் சல்லடையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அள்ளச் சொல்லியிருந்தாள். தேர்ந்தெடுக்காதே, வந்ததை அப்படியே பிடி என்று. பிடித்ததில் மயிலும் இல்லை, மயில்குஞ்சும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனாள். போன இடத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

"சார், மயில்னு ஒண்ணு இல்ல. நாலா பக்கமும் சிதறுற பொறியில எப்பவாவது ஒண்ணு அப்படி விரிஞ்ச மாதிரி விழும். சல்லடை மத்ததை எல்லாம் எறிஞ்சிட்டு அதை மட்டும் எடுத்து வைக்குது. சனங்க விரல் வச்சு அப்படிப் பழக்கிட்டாங்க. வீதியில போறவங்கள்ல சிவப்புச் சட்டைக்காரங்களை மட்டும் உள்ள விட்டுட்டு, ஊரே சிவப்புச் சட்டை போடுதுன்னு சொல்ற மாதிரி சார் இது."

பத்மலோசனன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சுற்றுலாப் பேருந்துகள் நின்றன.

"உங்களுக்குப் பேர் வரலைன்னு வருத்தம். புரியுது" என்றார்.

"எனக்குப் பேர் வேண்டாம். புறவாசலைத் திறங்க சார். பாதியில நிக்கிறாங்க, அவங்க உயிர் போயிரும்."

"இன்னும் கொஞ்ச காலம்தான். கட்டி எங்கயும் ஓடிடாது."

இதைச் சொன்னவருடைய பேருக்குப் பின்னால் ஒரு வரி நீளத்துக்குப் பட்டம் இருந்தது, கண்ணுகளே. கட்டி ஓடாது, வளரும். அது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும்.

பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னதுதான் முக்கியம். "நீங்க சொல்றதை நான் நம்பலை. ஒரு பேச்சுக்கு நிஜம்னே வச்சுக்குவோம். வெளியில போய்ச் சொல்றீங்க. மயில் போச்சு. மறுநாளே டெல்லியில பணத்தை நிறுத்துவான். பெரிய வளையம் நிக்கும், சின்ன வளையமும் நிக்கும். அப்புறம் உங்க புறவாசல்ல ஒரு பொட்டுக் கதிர் வராது, எவனுக்கும் வராது. இப்ப மூடித்தான் இருக்கு. நீங்க பேசினா அது செத்திரும்."

அந்த ஒன்றில் அவர் சொன்னது சரி. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

இதை எல்லாம் மதில் ஓரத்தில் நின்ற மெகருன்னிசாவிடம் அமலோற்பவம் மறைக்காமல் சொன்னாள். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு, நல்ல கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"யக்கா, சொந்தக்காரங்க யாராவது சாகக் கிடக்கிறாங்க, அவங்களுக்குக் கதிர் வேணும், அதான் எனக்கு இல்லைன்னு சொன்னாகூட மனசு ஆறும்" என்றாள். "இல்லாத மயிலுக்கா என் கண்ணு?"

 அமலோற்பவம் வாயைத் திறந்தாலும் இவள் சாவாள், மூடினாலும் சாவாள்.

நேர்மையானவர்கள் ஏமாற்ற ஆரம்பித்தால் அந்த வேலையையும் சுத்தமாகச் செய்வார்கள். அமலோற்பவம் சல்லடைக்குள் போய், இதுவரை கற்றுக்கொண்டதற்கு மேலே புதிதாக ஒரு கட்டளையைச் செருகினாள்: புறவாசல் பூட்டி இருக்கும்வரை தோகை விரிந்த மோதல் ஒன்றைக்கூட எடுத்து வைக்காதே. வேறு எதையும் தொடவில்லை.

அன்று சாயங்காலம் மயில் குறைந்தது. அடுத்த நாள் இல்லவே இல்லை. போனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்த சனங்கள் தவித்துப்போனார்கள். தொலைக்காட்சியில் பழையபடி நான்கு பேர் உட்கார்ந்தார்கள். காந்தங்களை மாற்றிப் பார்த்தார்கள், குளிரூட்டியை மாற்றிப் பார்த்தார்கள். தலைமைச் செயலகத்திலிருந்து போன் வந்தது. பத்மலோசனன் வாஸ்து பார்க்கிறவர் ஒருவரைக் கண்ணாடி ஏற்றிய காரில் வரவழைத்து, சுரங்கத்தைச் சுற்றிக் காட்டினார். அவர் வடகிழக்கில் பாரம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். வட்டத்துக்கு எது வடகிழக்கு மூலை என்று அங்கே ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

கடைசியில் எல்லா விஞ்ஞானிகளும் கூடிய கூட்டத்தில் அமலோற்பவம் மெல்ல ஒரு வார்த்தை போட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் புறவாசலை மூடிய பிறகுதான் இப்படி ஆனதுபோலத் தோன்றுகிறது, திறந்து பார்க்கலாமே என்றாள். அவளை ஒதுக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் விஞ்ஞானி மட்டும் கையைத் தூக்கினாள். மூடிய பிறகும் சில வாரம் மயில் வந்துகொண்டுதானே இருந்தது என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி. அதற்குப் பத்மலோசனனே பதில் சொல்லிவிட்டார்: அது எஞ்சிய விளைவு. எல்லாரும் தலையாட்டினார்கள். எஞ்சிய விளைவுக்கு அன்றே ஒருவர் சமன்பாடும் எழுதிவிட்டார்.

மறுநாள் காலை புறவாசல் திறந்தது. மெகருன்னிசாவின் முகத்தில் வலை முகமூடியை மாட்டினார்கள். கட்டி வளர்ந்துவிட்டதால் அளவு சரியாக இல்லை. புதிதாக வார்க்க வேண்டியிருந்தது. கதிர் பாய்ந்தது. மேலே திரைகளில் தோகை தோகையாக விரிந்தது. விஞ்ஞானிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு புறவாசலை மூட யாருக்குத் தைரியம் வரும். நோயாளி மேசையில் படுத்தால் மயில் வருகிறது. உயிருக்கும் துகளுக்கும் தொடர்பு இருப்பதாகக் கட்டுரைகள் வந்தன. உடம்பில் ஒரு குறையும் இல்லாத பெரிய மனிதர்கள், மயில் ஒளியில் ஒரு தடவை தலையைக் காட்ட வேண்டும் என்று வந்து நின்றார்கள். தில்லைநாயகி அவர்களைப் பக்கத்து அறையில் நீல விளக்குக்குக் கீழே உட்கார வைத்து, கொஞ்ச நேரம் கழித்து எழுப்பி அனுப்பினார். எல்லாருக்கும் உடம்பு லேசாக இருப்பதாகத் தோன்றியது. அவர்கள் கொடுத்த காணிக்கையில் இரண்டாவது மேசை வாங்கிப் போட்டார். புறவாசலில் நோயாளிகள் இரண்டு பங்கானார்கள்.

மெகருன்னிசாவுக்குச் சிகிச்சை முடிந்தது. நடுவில் விட்ட குற்றத்துக்கு வலது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் மங்கல். ஆனால் இரண்டு மூக்கு ஒரு மூக்கானது. கட்டி சுருண்டுவிட்டது. முதல் வேலையாக அமலோற்பவத்தைக் கேன்டீன் நாற்காலியில் உட்கார வைத்துப் புருவத்தைத் திருத்திவிட்டாள்.

இங்கே நிறுத்தலாம். நிறுத்தினால் உங்களுக்கு நல்ல தூக்கம் வரும். அமலோற்பவத்துக்குத்தான் வரவில்லை.

மயில் கடல் தாண்டிப் போயிருந்தது. வேறு நாடுகளில் இருக்கிற வளையங்களும் மயிலைத் தேட ஆரம்பித்தன. வல்லக்குளத்துச் சல்லடையைக் கேட்டு வாங்கித் தங்கள் இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டன. ஏற்றிக்கொண்டால் மயில் வராமல் என்ன செய்யும். அங்கேயும் வந்தது, உலகமே ஒப்புக்கொண்டது என்று இங்கே பட்டாசு வெடித்தார்கள். அமலோற்பவத்தைக் குடைந்தது வேறு. இத்தனை வளையங்களும் இப்போது தோகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிகின்றன. எறிகிறதில், மனிதர்கள் எத்தனையோ காலமாகத் தேடுகிற நிஜமான ஏதாவது ஒன்று போய்க்கொண்டிருக்குமே. எறிந்தது திரும்ப வராதே. அவள் தன் ஆயுசையெல்லாம் கொடுத்தது அந்த ஒன்றுக்காகத்தான்.

மெகருன்னிசாவிடம் போய், உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். புறவாசல் இப்போது பேர்பெற்றுவிட்டது, அதை இனி மூடமாட்டார்கள் என்று தானே தைரியமும் சொல்லிக்கொண்டாள். விசாரணை வைப்பார்கள், அப்போது, மயில் இல்லை என்று நான் உன்னிடம் அன்றைக்கே சொன்னதைச் சாட்சி சொல்வாயா என்று கேட்டாள். என் கண்ணே நீங்கள் கொடுத்தது, இதுகூடச் செய்யமாட்டேனா என்றாள் மெகருன்னிசா. மனசாரத்தான் சொன்னாள்.

டெல்லியிலிருந்து குழு வந்து, புறவாசலை ஒட்டிய கூடத்தில் உட்கார்ந்தது. மூன்று பேர், நடுவில் இருந்தவருக்கு அடிக்கடி கொட்டாவி வந்தது. பத்திரிகைக்காரர்களையும் உள்ளே விட்டார்கள். அமலோற்பவம் எழுந்து ஆரம்பத்திலிருந்து சொன்னாள், செயலியை இணைத்தது, கட்டளையைச் செருகியது எல்லாவற்றையும். நான்தான் செய்தேன் என்றாள். பத்மலோசனன் அவள் பேச்சில் குறுக்கிடவே இல்லை. அவள் முடித்ததும் வருத்தமான முகத்தோடு எழுந்தார். டாக்டர் அமலோற்பவத்துக்கு உடம்பு சரியில்லை, வேலைப் பளு என்றார். அவர் இரண்டு வாரம் விடுப்பில் இருந்தபோதும் மயில் வந்ததே என்றார். கதவைப் பார்த்துத் தானாக வேலை செய்கிற கட்டளை அது என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அப்படியானால் சல்லடையை நிறுத்திச் சோதித்துவிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். சோதிப்பதற்குள் மயில் போய்விட்டால் அந்தப் பழியைத் தாங்கள் ஏற்றுக்கொள்வீர்களா என்று பத்மலோசனன் பணிவாகக் கேட்டார். அந்தக் குழு உறுப்பினர் தண்ணீர் குடித்தார்.

இனி இருப்பது ஒரு சாட்சி. மெகருன்னிசாவைக் கூப்பிடச் சொன்னாள் அமலோற்பவம்.

மெகருன்னிசாவைக் கூப்பிடும்வரை புறவாசல் நடையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் பேருந்து நடத்துநர் ஒருவர், சீருடையோடு வந்திருந்தார். மடியில் புதிதாக வார்த்த வலை முகமூடி. அவருக்கு அன்றுதான் முதல் நாள். உள்ளே போனால் வலிக்குமா என்று கேட்டார். வலிக்காது அண்ணே, முகத்தை மட்டும் ஆட்டாமல் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். நடுவில் நிறுத்திவிட மாட்டார்களே என்று அடுத்துக் கேட்டிருக்கிறார். அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

கூடத்தில் நுழைந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கொட்டாவிக்காரர் கேட்டார்: மயில் என்று ஒன்று இல்லை என இந்த விஞ்ஞானி உங்களிடம் எப்போதாவது சொன்னாரா?

மெகருன்னிசா அமலோற்பவத்தைப் பார்த்தாள். அமலோற்பவம் முதல் தடவையாக அன்று சிரித்தாள், சொல்லு என்பதுபோல.

"அப்படி எதுவும் சொல்லலீங்க" என்றாள் மெகருன்னிசா.

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் நிறுத்தவில்லை.

"மயிலு இருக்குங்க. மேசையில என்னைக் கட்டிப் போட்டிருக்கயில வந்து நின்னுச்சு. வேற யாருக்கும் தெரிஞ்சுச்சோ என்னவோ, எனக்குத் தெரிஞ்சுச்சு. இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

பத்திரிகைக்காரர்கள் கைதட்டினார்கள். பத்மலோசனன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; நிஜமாகவே ஈரம் இருந்தது என்று சொல்கிறார்கள். மெகருன்னிசா அமலோற்பவத்தின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று நிற்கிறவளைப்போல நின்றாள். அவளுக்குப் பின்னால் கதவு திறந்தே இருந்தது. நடையின் கோடியில் நடத்துநரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போவது தெரிந்தது. அமலோற்பவம் அதையும் பார்த்தாள்.

சாட்சி சொன்னதைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று குழுத்தலைவர் கேட்டார். அமலோற்பவத்திடம் மறுக்க எல்லாம் இருந்தது. தேதி இருந்தது, படம் இருந்தது, மதில் ஓரத்தில் இவள் கேட்ட கேள்வி இருந்தது. மேசையில் இருந்ததையெல்லாம் மெதுவாக அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "அவங்களுக்குப் பார்வை நல்லா இருக்கு."